கணினிக் கணக்கில் ஒருவருக்கு ஒரே பக்கம்



பென்னாகரத்தில் நாங்கள் புளி, பருப்பு மொத்த வியாபாரம் செய்து வருகிறோம். கணக்கைக் கணினிக்கு மாற்றியபோது, ஒவ்வொரு பில்லிலும் வாடிக்கையாளரின் பெயர், ஊர், போன் எண் அனைத்தையும் புதிதாகத் தட்டினோம். பாப்பாரப்பட்டிக் கடைக்காரர் ஒருவர் இரண்டு பெயர்களில் பதிவாகிவிட்டார். ஒன்றில் வரவு, மற்றொன்றில் பாக்கி. பணம் கட்டியவரிடமே மீண்டும் கேட்டோம்; நெடுநாள் உறவு கசந்தது.

இதற்கான வழியை ஐ.பி.எம். நிறுவனத்தின் எட்கர் காட் 1970-லேயே காட்டினார். தகவல்களைத் தனித்தனி அட்டவணைகளில் வைத்து, எண்ணால் இணைக்க வேண்டும். ஒரு விவரம் ஓரிடத்தில் மட்டுமே இருக்க வேண்டும். இதையே நார்மலைசேஷன் என்கிறார்கள்.

நமக்கு ஐந்து அட்டவணைகள் போதும்:

1. வாடிக்கையாளர்: எண், பெயர், ஊர், போன்.
2. சரக்கு: எண், பெயர், இன்றைய விலை.
3. பில்: எண், தேதி, வாடிக்கையாளர் எண்.
4. பில் விவரம்: பில் எண், சரக்கு எண், அளவு, விற்ற விலை.
5. வரவு: ரசீது எண், தேதி, வாடிக்கையாளர் எண், தொகை.

விலை நாளை மாறும். விற்ற விலை மாறக் கூடாது. எனவே அது பில்லோடு இருக்கட்டும்.

ஒரே பெயரில் இருவர் இருக்கலாம், எண் அப்படியல்ல. ஜி.எஸ்.டி. பதிவு பெற்றவருக்கு 15 இலக்க எண் உண்டு. தமிழகத்தில் அது 33 என்று தொடங்கும். பதிவில்லாத சிறு கடைகளுக்கு நாமே எண் தரலாம். அதற்கு முன், அவர் ஏற்கெனவே பதிவில் உள்ளாரா என்று போன் எண்ணைத் தேடிப் பாருங்கள்.

மென்பொருள் வாங்குமுன், ஒருவரின் போன் எண்ணை ஓரிடத்தில் மாற்றிக் காட்டச் சொல்லுங்கள். பாக்கிப் பட்டியலிலும் தானே மாறினால் நம்பி வாங்கலாம்.