கோப்பைப் பூட்டியது யார்?

வீட்டைப் பூட்டிவிட்டுச் சாவியைத் தொலைப்பவர்களை நாம் கண்டதுண்டு. ஒருவரும் பூட்டாமலே கதவு தானாகப் பூட்டிக்கொண்டால் என்ன செய்வது? அத்தகைய விந்தை ஒன்றைச் சென்ற ஆண்டு நம் பள்ளி அலுவலகக் கணிப்பொறியில் கண்டோம்.

பரிசளிப்பு விழாவின் பெயர்ப்பட்டியல் ஓர் எக்ஸெல் கோப்பில் இருந்தது. அலுவலகத்தின் மூன்று கணிப்பொறிகளிலிருந்தும் அதைத் திறக்கலாம். தட்டச்சுக்கு உதவச் சென்ற நாங்கள் ஒரு நாள் காலையில் அதைத் திறந்தபோது, வேறொருவர் பயன்படுத்துவதால் கோப்பு பூட்டப்பட்டுள்ளது என்ற அறிவிப்பு வந்தது. அந்நேரம் அலுவலகத்தில் வேறு எவரும் இல்லை! பொறுமையிழந்த நாங்கள் வேறு பெயரில் ஒரு பிரதி எடுத்து, ஆறாம் வகுப்புப் பெயர்களை அதில் சேர்த்தோம். விழாவுக்கு அச்சானதோ பழைய கோப்பு. சிறுமி ஒருத்தியின் பெயர் மேடையில் அழைக்கப்படவில்லை. மறுநாள் அவளுக்குப் பரிசு கிடைத்தது. ஆனால் முதல் நாள் வந்து காத்திருந்த அவள் தாயார் அதைக் காணவில்லை. அந்த வருத்தமே எங்களை இதன் காரணத்தைத் தேடச் செய்தது.

1979-இல் டான் பிரிக்லின், பாப் பிராங்ஸ்டன் ஆகிய இருவர் உருவாக்கிய விசிகால்க் என்னும் விரிதாள் வெளிவந்தபோது, ஒரு கணிப்பொறியில் ஒருவரே அமர்ந்து வேலை செய்தார். பூட்டுக்குத் தேவை இருக்கவில்லை. இன்றோ ஒரே கோப்பைப் பலர் திறக்கிறோம். இருவர் ஒரே நேரத்தில் திருத்தினால், பின்னர் சேமிப்பவருடைய வேலை முன்னவருடைய வேலையை அழித்துவிடும் அல்லவா? அதைத் தடுக்கவே பூட்டு. ஆகவே அது நமக்குப் பகையன்று, காவல்.

கோப்பைத் திறந்தவுடன் எக்ஸெல், அதே இடத்தில் மறைவான ஒரு சிறு கோப்பை உண்டாக்குகிறது. அதன் பெயர் அலைக்குறியிலும் டாலர் குறியிலும் தொடங்கும். திறந்தவரின் பெயர் அதற்குள் இருக்கும். முறைப்படி மூடினால் அதுவும் நீங்கிவிடும். மின்சாரம் நின்றாலோ, சுவரிலுள்ள விசையை நாமே அணைத்துவிட்டாலோ, அது நீங்காமல் தங்கிவிடலாம். ஆள் போன பின்னும் வாசலில் கிடக்கும் செருப்பைப் போல! எங்கள் அலுவலகத்தில் நடந்தது இதுதான். மாலை மணி அடித்ததும் கோப்பை மூடாமலே விசையை அணைத்து வந்திருக்கிறோம்.

இனி, பூட்டைக் கண்டால் செய்ய வேண்டியவை:

முதலாவதாக, அறிவிப்பிலுள்ள பெயரைப் படியுங்கள். அவர் உண்மையிலேயே வேலை செய்துகொண்டிருந்தால், முடித்து மூடும்படி கேளுங்கள். படிக்க மட்டும் திறக்கும் வாய்ப்பும் அங்கே உண்டு.

இரண்டாவதாக, அது உங்கள் பெயரே எனில், எக்ஸெல் கண்ணுக்குத் தெரியாமல் ஓடிக்கொண்டிருக்கலாம். மற்றக் கோப்புகளைச் சேமித்த பின், கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் விசைகளை ஒருசேர அழுத்துங்கள். வரும் பட்டியலில் எக்ஸெல் இருந்தால் அதை நிறுத்துங்கள்.

மூன்றாவதாக, கோப்புகளின் பட்டியலுக்கு அருகே முன்தோற்றம் காட்டும் பகுதி திறந்திருந்தால் மூடுங்கள். சில வேளை அதுவும் கோப்பைப் பிடித்துக்கொள்ளும்.

நான்காவதாக, எந்தக் கணிப்பொறியிலும் கோப்பு திறந்திருக்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, மறைந்த கோப்புகளைக் காட்டச் செய்து, அலைக்குறியுள்ள அச்சிறு கோப்பை மட்டும் அழியுங்கள். பெயர் ஒன்றுபோல் இருக்குமாதலால் எச்சரிக்கை தேவை. உண்மைக் கோப்பை அழித்துவிடாதீர்கள்! அப்படியும் திறவாவிடில், கோப்பு இருக்கும் கணிப்பொறியைப் பொறுப்பாளரைக் கொண்டு அணைத்து மீண்டும் இயக்கச் சொல்லுங்கள்.

பலர் ஒன்றாக எழுதியே தீர வேண்டுமானால், ஒன்டிரைவ், கூகுள் ஷீட்ஸ் போன்ற இணைய வசதிகள் இருக்கின்றன. ஆனால் ஒன்டிரைவில் உள்ள கோப்பையும் ஒருவர் பழைய எக்ஸெலில் திறந்தால், மற்றவர்களுக்கு அது பூட்டிக்கொள்ளும்.

எதைச் செய்தாலும், அவசரத்தில் இரண்டாம் பிரதி எடுக்காதீர்கள். எடுத்தே தீர வேண்டுமானால் உடனே மற்றவர்களுக்குச் சொல்லி, அன்றே இரண்டையும் ஒன்றாக்குங்கள். கோப்பிலுள்ள ஒவ்வொரு வரிக்குப் பின்னும் ஒரு சிறுமி காத்திருக்கிறாள்.

இப்போது அலுவலகக் கணிப்பொறியின் மேல் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறோம்: "சேமி, மூடு, பிறகு அணை." இவ்வாண்டுப் பட்டியலை இருவர் உரக்கப் படித்துச் சரிபார்த்த பின்னரே அச்சுக்குக் கொடுத்தோம். ஒரு பெயரும் விடுபடவில்லை.