அதென்ஸ் நகரத்து மெற்றிக்கரும் ஊவாத் தோட்ட மக்களும்

கிரேக்கரின் அன்றாட வாழ்வு எனின், சந்தைத்திடலும் நாடக அரங்கும் சோக்கிரதீசரின் உரையாடலுமே மாணவர் மனக்கண்முன் தோன்றும். அத்திடலில் நடமாடியோருட் பெருந்தொகையினர் அந்நகரத்துக் குடிகளாகக் கணிக்கப்படாதவர் என்பதைப் பாடநூல்கள் ஒரு வரியிற் கூறி அப்பாற் செல்லும். ஊவாத் தோட்டங்களை அறிந்தார்க்கு அவ்வொரு வரி போதாது.

அதென்ஸ் நகரிற் குடியுரிமையுடையோர், மெற்றிக்கர் எனப்பட்ட குடியேறிகள், அடிமைகள் என மூவகையினர் வாழ்ந்தனர். தோற்றத்தாலும் உடையாலும் அவரைப் பிரித்தறிய இயலவில்லை என அக்காலத்து ஆசிரியர் ஒருவர் குறைப்பட்டு எழுதியுள்ளார். தொழிலும் ஒன்றே. எரெக்தியம் என்னும் கோயிலைக் கட்டிமுடித்த காலத்துக் கூலிக் கணக்குகள், கி.மு. 409 முதலாகக் கல்லிற் பொறிக்கப்பட்டவை, இன்றும் கிடைக்கின்றன. மூவகையினரும் அருகருகே நின்று தூண்களைச் செதுக்கினர். ஒரே வேலைக்கு ஒரே கூலி பெற்றனர். நாட்கூலி பொதுவாக ஒரு திராக்மா. வேறுபாடு பெயரெழுதிய முறையில் மட்டுமே உளது. குடிமகனாயின் இன்ன ஊரினன் என்றும், மெற்றிக்கனாயின் இன்ன ஊரிற் குடியிருப்பவன் என்றும் எழுதினர். அடிமையாயின் உடையவன் பெயரைச் சேர்த்தனர்.

குடியிருப்பவன் ஆண்டுதோறும் 12 திராக்மா வரி இறுத்தான், போருக்கும் சென்றான். எனினும், நிலமோ வீடோ அவன் வாங்க முடியாது. அரிஸ்டோட்டிலின் நிலையும் இதுவே. கி.மு. 451 இற் பெரிக்கிளீஸ் கொணர்ந்த சட்டம், தாய் தந்தை இருவரும் அதெனியராயின் மட்டுமே பிள்ளைக்குக் குடியுரிமை என விதித்தது. சில ஆண்டுகளின் பின், எகிப்திலிருந்து வந்த தானியத்தைப் பங்கிடுகையிற் பதிவேடு ஆராயப்பட்டு, ஏறக்குறைய 5,000 பேர் நீக்கப்பட்டனர் என்பர் புளூட்டாக். அச்சட்டம் ஈற்றிற் பெரிக்கிளீசின் மகனொருவனையே தடுத்தது. விலக்களிக்குமாறு அவரே மக்களை வேண்டவேண்டியதாயிற்று!

தோட்டங்களிலும் நாளொழுங்கு பெயரைச் சுற்றியே அமைந்தது. பழைய நாளில் விடியுமுன் தப்பொலி கேட்டு எழுவர். பீலிக்கரையில் நீர் பிடித்து, ரொட்டி சுட்டு, பிள்ளைகளைப் பிள்ளைக்காம்பராவில் விட்டுப் பிரட்டுக்களத்திற் கூடுவர். (ஊற்றுமண்டபத்திற் குடத்துடன் நிற்கும் பெண்டிரைக் கிரேக்கர் தம் பாண்டங்களில் விரும்பித் தீட்டினர். பீலிக்கரையைத் தீட்டினார் அரியர்.) மாலையிற் கொழுந்து நிறுக்கப்படும், செக்றோலிற் பேர் விழும். கொழுந்து குறையின் அரைப்பேர். தோட்ட வழக்கிற் பேர் என்றால் ஒரு நாட்கூலி.

செக்றோலில் நாடோறும் விழுந்த அப்பெயர் வேறோர் ஏட்டிலிருந்து நீங்கிற்று. 1947 ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரசைச் சேர்ந்த எஸ். எம். சுப்பையா பதுளையிலிருந்து பாராளுமன்றம் சென்றார். அடுத்த ஆண்டிலேயே, 1948 இன் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. இலங்கையிற் பிறந்தால் மட்டும் போதாது. தந்தையோ, அன்றித் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனுமோ இங்கு பிறந்தமை நிறுவப்படல் வேண்டும். லயத்திற் பிறந்த பாட்டனுக்கு அத்தாட்சிப் பத்திரம் எங்ஙனம் தேடுவது? 1949 இல் வாக்குரிமையும் போயிற்று. 1964 ஒக்டோபர் 30 இற் செய்யப்பட்ட சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 975,000 பேரை எண்ணி, 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டு, எஞ்சிய 150,000 பேரைப் பின்னர்ப் பார்ப்போம் என விட்டது. இந்தியாவுக்குச் செல்வோரை ஏற்றிய புகையிரதத்திற்கு ஒப்பாரிக் கோச்சி என்ற பெயர் வழங்கிற்று. நாடற்றோர் என்ற நிலை 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டத்தோடுதான் நீங்கியது.

நிலம் வேறு செய்தி. வாக்குச் சீட்டுடையார் பலர்க்கு அவர் வாழும் காம்பராவுக்கு உறுதி இல்லை. 2014 ஒக்டோபர் 29 காலை, கொஸ்லந்தையை அடுத்த மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களைப் புதைத்தது. அவ்விடம் ஆபத்தானது என முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தது. பெயர்ந்து செல்ல அவர்க்குச் சொந்தக் காணி இருக்கவில்லை. அதென்சில், நற்பணி செய்த மெற்றிக்கனுக்கு நிலம் கொள்ளும் உரிமையை மக்களவை தனித் தீர்மானத்தால் வழங்குவதுண்டு. அவன் பெயரைக் கல்லிற் பொறித்தும் வைத்தனர்.