கரட்டு நிலத்துக் குள்ளநரி

முதல் மழைக்குப் பிறகு புற்றிலிருந்து ஈசல் கிளம்பும் மாலையில், அதைத் தின்ன வரும் விலங்குகளில் குள்ளநரியும் ஒன்று. கூரிய மூக்கு, பெரிய காதுகள், சாம்பல் உடல், கறுப்பு நுனியுடன் புசுபுசுவென்ற வால். எடை இரண்டு முதல் மூன்றரை கிலோதான். ஊளையிடும் நரி வேறு, அது இதைவிடப் பெரியது. இந்தக் குள்ளநரி இந்தியத் துணைக்கண்டத்துக்கு வெளியே எங்கும் இல்லை.

திருத்தணி மலையிலிருந்து ஆந்திர எல்லைப் பக்கம் பார்த்தால் தெரிகிற பாறைக்கரடு, முட்புதர், இலந்தை, நடுநடுவே வேர்க்கடலைக் கொல்லை – இப்படிப்பட்ட வறண்ட வெட்டவெளிதான் அதற்கு ஏற்ற நிலம். அடர்காட்டில் அது தங்காது. ராஜஸ்தான், கட்ச் பகுதிகளின் பாலைவன நரிக்கு வால்நுனி வெள்ளை. சுடுமணலில் நடக்க உள்ளங்காலில் மயிர் உண்டு. நம் குள்ளநரி வெயிலைச் சமாளிப்பது பெரும்பாலும் வளையால்தான். பல வாய்களும் உள்ளறைகளும் கொண்ட வளையிலோ புதர் நிழலிலோ பகலைக் கழித்துவிட்டு, பொழுது சாய்ந்ததும் இரைதேடக் கிளம்பும்.

அதன் எச்சத்தைக் குச்சியால் கிளறினால் பளபளக்கும் வண்டின் ஓடு, எலி மயிர், இலந்தைக் கொட்டை எல்லாம் கலந்து கிடக்கும். கரையான், வெட்டுக்கிளி, ஓணான், பறவை முட்டை, வேப்பம்பழம் என எதையும் விடாது. கொல்லையில் எலியைத் தின்று விவசாயிக்கு உதவுகிற பிராணி இது. செந்நாய் ஆய்வால் புகழ்பெற்ற தமிழர் ஏ.ஜே.டி. ஜான்சிங், 1978-இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழக இதழில் இந்த நரியின் வாழ்க்கை குறித்துக் கட்டுரை எழுதினார். புலிக்கும் யானைக்கும் கிடைக்கும் கவனத்தில் சிறு பங்குகூட இதற்கு இன்றுவரை கிடைக்கவில்லை என்பது என் வருத்தம்.

சேலம் மாவட்டம் வாழப்பாடிப் பக்கத்துக் கிராமங்களில் பொங்கலின்போது இதை வலைபோட்டுப் பிடித்து, வாயைக் கட்டி, 'வங்காநரி ஜல்லிக்கட்டு' என்று ஊருக்குள் ஓடவிடுவார்கள். நரி முகத்தில் விழித்தால் ஊர் செழிக்கும் என்று நம்பிக்கை. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இது குற்றம். வனத்துறை அபராதமும் விதித்திருக்கிறது. பலர் கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு. குள்ளநரிகள் இணைசேர்வது டிசம்பர், ஜனவரியில். கர்ப்பகாலம் ஏறத்தாழ 50 நாள். தையில் வலையில் சிக்குவது சினையாக இருக்கும் பெண் நரியாகவும் இருக்கலாம். பிடித்த இடத்திலேயே விட்டுவிட்டோம் என்பது சமாதானம் ஆகாது.

நாய்கள் இன்னொரு ஆபத்து. மகாராஷ்டிரத்தின் நன்னஜ் புல்வெளியில் அபி தமீம் வனக் செய்த ஆய்வுகள், நாய் நடமாடும் இடத்தைக் குள்ளநரி தவிர்ப்பதைக் காட்டின. வெறிநோயும் டிஸ்டெம்பர் நோயும் நாயிடமிருந்து நரிக்குத் தொற்றக்கூடியவை. கரட்டை ஒட்டிய ஊர்களில் நாய்களுக்குத் தடுப்பூசி போட்டால் மனிதருக்கும் நரிக்கும் சேர்த்தே பலன்.

ஆனால் எல்லாவற்றையும்விடப் பெரிய அடி நிலத்தில்தான் விழுகிறது. மத்திய அரசின் தரிசுநில வரைபடத் தொகுப்பில் புதர்நிலம் தரிசு என்றே இடம்பெறுகிறது. தரிசு என்றால் மனை போடலாம், கல் உடைக்கலாம், நல்லெண்ணத்தோடு மரமும் நடலாம் என்றாகிவிடுகிறது. நரியைப் பிடித்தால் வழக்கு. அதன் வளைமீது ஜேசிபி ஏறினால் கேட்க ஆளில்லை. ஒரே வளையை ஆண்டுக்கணக்கில் பயன்படுத்துகிற விலங்கு இது. வேலை தொடங்கும் முன் வனத்துறை வந்து வளைகளைக் குறிப்பதும், குட்டிகள் வளர்ந்து வெளியேறும்வரை அந்த இடத்தை விட்டுவைப்பதும் அனுமதியின் நிபந்தனையாகவே இருக்க வேண்டும்.