முன்னாள் மாணவர் ஏன் கொடுக்கிறார்?

அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகம் தாங்கியிருப்பது சென்னையில் பணம் சேர்த்த ஒருவரின் பெயர். எலிஹு யேல் 1687 முதல் 1692 வரை புனித ஜார்ஜ் கோட்டையின் ஆளுநராக இருந்தவர். அவர் காலத்தில் கோட்டையிலிருந்து அடிமைகள் கப்பலேற்றப்பட்டது பதிவாகியிருக்கிறது. முறைகேட்டுப் புகாரில் பதவி போனது. சேர்த்த சொத்து போகவில்லை. லண்டனில் வசதியாக முதுமையைக் கழித்துக்கொண்டிருந்த அவருக்கு 1718-இல் பாஸ்டன் பாதிரியார் காட்டன் மேதர் ஒரு கடிதம் எழுதினார். கனெக்டிகட்டில் தட்டுத்தடுமாறிக்கொண்டிருந்த ஒரு சிறு கல்லூரிக்கு உதவினால் உங்கள் பெயரையே அதற்குச் சூட்டலாம் என்பது அதில் இருந்த தூண்டில். ஒன்பது பொதி சரக்கும், 417 புத்தகங்களும், முதலாம் ஜார்ஜ் மன்னரின் படமும் வந்துசேர்ந்தன. சரக்கை விற்றதில் 562 பவுண்டு கிடைத்தது. கல்லூரியின் பெயர் மாறியது.

யேல் அந்தக் கல்லூரியில் படித்தவர் அல்ல. அவருக்கு என்ன ஆசை என்று தெரிந்து கேட்டார்கள், கிடைத்தது. ஆனால் இப்படி ஒரு பணக்காரரை எப்போதோ ஒருமுறை பிடிப்பதை நம்பி எந்தக் கல்லூரியும் நடக்க முடியாது. அதே யேல் 1890-இல் வேறொரு வழியைத் தொடங்கியது. படித்துப் போன எல்லோரிடமும், ஆண்டுதோறும், அவரவரால் முடிந்ததைக் கேட்பது என்பதே அது. இன்று உலகெங்கும் கல்லூரிகள் நடத்தும் முன்னாள் மாணவர் ஆண்டு நிதிக்கு அதுதான் முன்மாதிரி.

சிறு தொகையை ஏன் துரத்த வேண்டும்? மைக்கேல் புளூம்பெர்க் 1964-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டு அவர் கல்லூரிக்குக் கொடுத்தது 5 டாலர். 2018-இல், வசதியற்ற மாணவர்களின் படிப்புச் செலவுக்காக அவர் கொடுத்தது 180 கோடி டாலர். ஐந்து டாலர் கொடுத்த எல்லோரும் புளூம்பெர்க் ஆவதில்லை. ஆனால் இருபத்திரண்டு வயதில் ஒருமுறைகூடக் கேட்கப்படாதவர் அறுபது வயதில் திடீரென்று கோடிகளோடு வந்து நிற்பது அபூர்வம். நிதி திரட்டும் அலுவலகத்துக்கு அந்த ஐந்து டாலரால் வரும் பெரிய லாபம், அவருடைய சரியான முகவரி இன்னும் தன் கையில் இருக்கிறது என்பது.

அமெரிக்கக் கல்லூரிகளில் இந்த வேலைக்கென்றே முழுநேர ஊழியர்கள் பெரும் எண்ணிக்கையில் இருக்கிறார்கள். யார் எந்த ஊருக்கு மாறினார், எந்த நிறுவனத்தில் சேர்ந்தார், யாருக்குப் பிடித்த பேராசிரியர் யார் என்று குறித்துவைப்பார்கள். வகுப்புக்கு ஒரு பிரதிநிதி இருப்பார். கல்லூரி கேட்பதைவிட விடுதியில் பக்கத்து அறையில் இருந்தவன் கேட்டால் மறுப்பது கடினம் என்பது அவர்களுக்குத் தெரியும். இதில் கேலிக்கூத்தும் நடந்தது. எத்தனை சதவீத முன்னாள் மாணவர்கள் கொடுக்கிறார்கள் என்பதை யு.எஸ். நியூஸ் தரவரிசை 2023 வரை மதிப்பெண்ணாகக் கணக்கிட்டது. தொகை எவ்வளவானாலும் பரவாயில்லை, தலை எண்ணிக்கை வந்தால் போதும் என்று கல்லூரிகள் அலைந்தன. அந்த அளவுகோல் நீக்கப்பட்டதில் யாருக்கும் நஷ்டமில்லை.

இந்தியாவில் இந்தக் கலையை முதலில் கற்றவை ஐ.ஐ.டி.க்கள். சென்னை ஐ.ஐ.டி.யில் 1970-இல் எம்.டெக். முடித்த கிருஷ்ணா சிவுகுலா, 2024-இல் தன் கல்விக்கூடத்துக்கு ரூ.228 கோடி கொடுத்தார். 2023-24 நிதியாண்டில் முன்னாள் மாணவர்கள், நிறுவனங்கள், பிற கொடையாளர்கள் எல்லோரிடமிருந்தும் அங்கே திரண்டது ரூ.513 கோடி. மும்பை ஐ.ஐ.டி.யில் 1973-இல் சேர்ந்த நந்தன் நிலேகணி, தான் சேர்ந்ததன் ஐம்பதாவது ஆண்டில் ரூ.315 கோடி கொடுத்தார். அதே ஆண்டு, அங்கே 1998-இல் படித்து முடித்தவர்கள் வெள்ளி விழாவுக்குக் கூடியபோது, ரூ.57 கோடி தருவதாக உறுதி சொன்னார்கள். உறுதி சொன்ன தொகை வேறு, வங்கிக்கு வந்த தொகை வேறு. தலைப்புச் செய்தியாவது பெரும்பாலும் முன்னது.

வெள்ளி விழாவைக் குறிவைப்பதில் கணக்கு இருக்கிறது. பட்டம் பெற்று இருபத்தைந்து ஆண்டு என்றால் வயது நாற்பத்தேழு, நாற்பத்தெட்டு. வீட்டுக்கடன் முடியும் தறுவாய், வேலையில் உச்சம், கூடவே ‘நான் எங்கிருந்து வந்தேன்’ என்று திரும்பிப் பார்க்கும் பருவம். அமெரிக்காவில் குடியேறியவர்கள் அங்கேயே வரிச்சலுகையோடு கொடுப்பதற்குச் சென்னை ஐ.ஐ.டி.க்கு அங்கே ஒரு அறக்கட்டளையும் இருக்கிறது. இவற்றையெல்லாம்விட முக்கியமான காரணம் ஒன்று உண்டு என்பது என் எண்ணம். அரசு செலவில், நுழைவுத் தேர்வு எழுதி, யாருக்கும் காசு கொடுக்காமல் படித்தவர் தன்னைக் கடன்பட்டவராக உணர்கிறார்.

நம் ஊர்த் தனியார் கல்லூரிகளின் சங்கடம் இங்கேதான் தொடங்குகிறது. தமிழ்நாட்டில் கட்டாய நன்கொடைக்கு எதிராக 1992-லேயே சட்டம் வந்துவிட்டது. அப்படியும் அப்பா நிலத்தை விற்று இடம் வாங்கிய கதை எத்தனையோ வீடுகளில் உண்டு. சேரும்போதே எல்லாம் கொடுத்தாயிற்று என்று நினைப்பவரிடம், படித்து முடித்த பிறகு ‘உங்கள் தாய்க் கல்லூரிக்கு உதவுங்கள்’ என்று கடிதம் போனால் அவருக்குச் சிரிப்புதான் வரும்.

வந்த பணத்தை என்ன செய்கிறார்கள் என்பது அடுத்த கேள்வி. உடனே செலவழித்துவிடுவது ஒரு வகை: கட்டடம், ஆய்வுக்கருவி, இந்த ஆண்டு உதவித்தொகை. முதலைத் தொடாமல் வருமானத்தில் மட்டும் செலவு செய்வது இன்னொரு வகை. பின்னது நமக்குப் புதிதல்ல. சோழர் காலத்துத் தஞ்சைப் பெரிய கோயிலில் ஒரு விளக்கு அணையாமல் எரிய 96 ஆடுகளைக் கொடுப்பார்கள். இடையர் நாளுக்கு ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். மந்தை குறையக் கூடாது. கல்வெட்டுகள் அவற்றைச் ‘சாவா மூவாப் பேராடு’ என்கின்றன. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் 5,000 கோடி டாலரைத் தாண்டிய வைப்புநிதியும் இதே ஏற்பாடுதான். அது ஒரே உண்டியல் அல்ல. பல தலைமுறைக் கொடையாளர்கள் இன்ன காரியத்துக்கு என்று எழுதிவைத்த ஆயிரக்கணக்கான தனித்தனி நிதிகளின் தொகுப்பு. ஆண்டுக்கு ஏறத்தாழ ஐந்து சதவீதத்தை எடுத்துச் செலவழித்து, மீதி வருமானத்தை முதலோடு சேர்க்கிறார்கள். அங்கே தமிழ் இருக்கைக்கு 60 லட்சம் டாலர் தேவைப்பட்டதும் இதனால்தான். ஒரு பேராசிரியரின் சம்பளத்தை முதலிலிருந்து அல்லாமல் வருமானத்திலிருந்தே காலமெல்லாம் கொடுக்க வேண்டும். தமிழக அரசின் ரூ.10 கோடியும் உலகெங்கும் உள்ள தமிழர்களின் சிறு தொகைகளும் சேர்ந்து 2018-இல் அந்த இலக்கை எட்டின.

மீதியை முதலோடு சேர்ப்பது என்ற அந்தப் பாதியைத்தான் நம் கல்லூரிகள் விட்டுவிட்டன. எந்தப் பழைய கல்லூரியின் தமிழ்த் துறைக்குப் போனாலும் அறக்கட்டளைச் சொற்பொழிவுகளின் பட்டியல் ஒன்று இருக்கும். நாற்பது ஆண்டுகளுக்கு முன் ஒருவர் தன் தாயார் பெயரில் பத்தாயிரம் ரூபாய் கொடுத்திருப்பார். அன்று அது கணிசமான தொகை. வங்கியில் நிரந்தர வைப்பாகப் போட்டு, வட்டி முழுவதையும் ஆண்டுதோறும் செலவழித்திருப்பார்கள். இன்று அந்த வட்டியில் பேச்சாளருக்கு ஒரு பொன்னாடை வாங்கலாம். பேருந்துக் கட்டணத்தை அவரே பார்த்துக்கொள்ள வேண்டும். கொடுத்தவர் மேலும் தவறில்லை, துறைத்தலைவர் மேலும் தவறில்லை. விலைவாசி முதலைத் தின்றுவிட்டது.

கொடை அதிகாரத்தையும் கொண்டுவரும். அமெரிக்கத் தனியார் கல்லூரிகள் பலவற்றில் முன்னாள் மாணவரின் பிள்ளைக்குச் சேர்க்கையில் முன்னுரிமை தரும் வழக்கம் நெடுநாளாக உண்டு. கலிஃபோர்னியா மாநிலம் 2024-இல் அதற்குத் தடைச் சட்டம் கொண்டுவந்தது. கொடைக்காகத்தான் இந்தச் சலுகை என்று வாதாடுவோருக்கு ஜான்ஸ் ஹாப்கின்ஸே பதில். புளூம்பெர்க்கின் பெருங்கொடைக்கு முன்பே அது அந்த முன்னுரிமையைக் கைவிட்டிருந்தது. நம் ஐ.ஐ.டி.க்களில் ரூ.228 கோடி கொடுத்தவரின் பேரனும் ஜே.இ.இ. எழுதித்தான் ஆக வேண்டும். அந்தச் சுவர் இருக்கும்வரைதான் கொடைக்கு மரியாதை.

சாதாரணக் கலைக் கல்லூரிக்கு வருவோம். கல்லூரிகளுக்குத் தரச் சான்று தரும் ‘நாக்’ அமைப்பின் மதிப்பீட்டில் முன்னாள் மாணவர் பங்களிப்புக்கு மதிப்பெண் உண்டு. சங்கம் பதிவு செய்யப்பட்டதா, எவ்வளவு கொடுத்தது என்று கேட்பார்கள். ஆகவே குழு வருவதற்கு முந்தைய ஆண்டில் பல கல்லூரிகளுக்குத் திடீரென்று பழைய மாணவர் நினைவு வருகிறது. வாசலில் மேசை போட்டு, வருகிறவர்களிடம் பெயர், ஆண்டு, கைபேசி எண் எழுதி வாங்குவார்கள். மதியச் சாப்பாடு, குழுப் படம், முதல்வர் உரை. அந்தத் தாள்கள் ‘நாக்’ கோப்பில் போய்ச் சேரும். கணினியில் ஏற்றுவார் இல்லை. அடுத்த அழைப்பு ஐந்து ஆண்டு கழித்து. உண்மையான நிதி திரட்டல் அந்தத் தாள்களிலிருந்து தொடங்க வேண்டியது. ஒரு எழுத்தர், ஒரு பட்டியல், ஆண்டுக்கு இரண்டு கடிதம் போதும். அவற்றில் ஒன்று பணமே கேட்காததாக இருக்கட்டும்.

சட்டச் சிக்கல்களும் உண்டு. 80ஜி என்று நாம் பழகிய நன்கொடை வரிக்கழிவு பழைய வரிமுறையில் இருப்பவர்களுக்கே கிடைக்கும். புதிய முறைக்கு மாறியவருக்குக் கிடையாது. வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற மாணவரிடமிருந்து அறக்கட்டளைக் கல்லூரி ஒன்று பணம் வாங்க வேண்டுமானால், வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின்கீழ் பதிவு வேண்டும். பணமும் டெல்லியில் உள்ள பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளைக் கணக்குக்குத்தான் வர வேண்டும். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் தன் சேமிப்பிலிருந்து அனுப்புவதற்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. வளைகுடாவில் வேலை செய்யும் பழைய மாணவர்களில் மிகப் பெரும்பாலோர் இந்த இரண்டாவது வகைதான். பல கல்லூரிகள் இது தெரியாமலே அவர்களை விட்டுவிடுகின்றன.

உங்கள் கல்லூரியிலிருந்து அழைப்பு வந்தால் மூன்று கேள்வி கேளுங்கள். பணம் யார் கணக்குக்குப் போகிறது, கல்லூரிக்கா, நிர்வாகத்தாருக்கா, சங்கத்துக்கா? அது செலவழியப் போகிறதா, முதலாக நிற்கப் போகிறதா? அடுத்த மார்ச்சில் எனக்குக் கணக்கு அனுப்பப்போவது யார்? மூன்றாவதற்கு ஒரு ஆளின் பெயரைச் சொன்னால், உங்களால் முடிந்ததைக் கொடுங்கள்.