மின்னஞ்சல் செல்லும் நெறியும் அதன் தடைகளும்

தமிழிலே தூது என்பது தனியொரு பிரபந்த வகையாக வளர்ந்துள்ளது. அன்னம், கிளி, மேகம், நெஞ்சு முதலியவற்றைத் தூது விடுக்கும் தலைவி, செய்தியைச் சொல்லி அனுப்புவதோடு அமைவதில்லை. தலைவனிடமிருந்து மாலை வாங்கி வருமாறும் வேண்டுகின்றாள். அம்மாலை, செய்தி சேர்ந்தமைக்கும் ஏற்றுக்கொள்ளப்பட்டமைக்கும் அடையாளமாகும். விடுத்தல் வேறு, சேர்தல் வேறு என்பதைப் பண்டைப் புலவர் நன்கு உணர்ந்திருந்தனர். இக்காலத்து மின்னஞ்சலைக் கையாளுவோர் பலர் மறந்துவிடுவது இவ்வுண்மையையே. பொத்தானை அழுத்தியவுடன் கடமை முடிந்ததென எண்ணுகின்றனர். பதில் வாராதபோது பெறுநரைக் குறை கூறுகின்றனர். அனுப்பிய அஞ்சல் எங்கே நின்றது, ஏன் நின்றது, அதனை எவ்வாறு அறிவது என்பனவற்றை முறையாக விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கடிதப் போக்குவரத்தின் வரலாற்றிலே கண்டிக்குத் தனியிடம் உண்டு. 1832ஆம் ஆண்டிலேயே கொழும்புக்கும் கண்டிக்கும் இடையே குதிரை பூட்டிய தபால் வண்டி ஓடத் தொடங்கிற்று. ஆயினும், கண்டிக்குக் கிழக்கே மகியங்கனை வீதியிலுள்ள தெல்தெனியவைச் சூழ்ந்த மலைச்சாரல்கள் போன்ற இடங்களிலே, தோட்டங்களில் வாழ்ந்த தமிழ்க் குடும்பங்களுக்குத் தபாற் கந்தோர் வரை வந்த கடிதம் கைவரை வந்து சேர்வது எளிதாக இருந்ததில்லை. லயங்களுக்குத் தனித்தனி முகவரி இல்லாமையால், கடிதங்கள் தோட்டக் கந்தோரில் மொத்தமாக ஒப்படைக்கப்படுதல் மலையகத்தில் நெடுங்கால வழக்கமாயிற்று. அங்கே தங்கிவிட்ட நேர்முகத் தேர்வுக் கடிதம், தேர்வு முடிந்த பின்னர்க் கைக்கு வந்து சேர்ந்தது என்பது அம்மக்கள் பன்முறை எடுத்துரைத்த குறையாகும்.

மின்னஞ்சல் இவ்விடைத் தங்கலை நீக்கியது. லயத்து அறையிலிருக்கும் மாணவி ஒருத்தி, தோட்டக் கந்தோரையோ தபாற் கந்தோரையோ எதிர்பாராது, தன் கைத்தொலைபேசியிலிருந்தே பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பத்தை அனுப்பலாம். ஆனால் அவ்வஞ்சல் அவளுடைய கருவியிலேயே தங்கிவிடின், அல்லது வழியில் மறுக்கப்பட்டும் அவள் அதனை அறியாதிருப்பின், பழைய துன்பமே புதிய வடிவில் மீள்கின்றது. ஆகவே, மின்னஞ்சலின் தடைகளை அறிதல் கணினி வல்லுநர்க்கு மாத்திரம் உரியதன்று. மாணவரை வழிப்படுத்தும் ஆசிரியர் ஒவ்வொருவர்க்கும் உரியதாகும்.

முதற்கண் அஞ்சல் செல்லும் நெறியை நோக்குதல் வேண்டும். 1971ஆம் ஆண்டில் அமெரிக்கப் பொறியியலாளர் ரே டொம்லின்சன், வலையமைப்பினால் இணைந்த இரு கணினிகளுக்கிடையே செய்தியை அனுப்பிக் காட்டினார். பயனர் பெயரையும் கணினியின் பெயரையும் பிரிக்கும் குறியீட்டைத் தெரிந்தெடுத்தவரும் அவரே. 1982ஆம் ஆண்டில் ஜோன் பொஸ்டல் என்பார், எஸ்.எம்.ரி.பி. எனச் சுருக்கமாக வழங்கும் அஞ்சல் அனுப்பும் விதிமுறையை வெளியிட்டார். பின்னர்த் திருத்தங்கள் பல பெற்றபோதிலும், அதன் அடிப்படை இன்றும் மாறவில்லை.

இவ்விதிமுறை அஞ்சலை அனுப்புதற்கு மாத்திரம் உரியது. வந்த அஞ்சலைப் பெட்டியிலிருந்து எடுத்துப் படித்தற்கு வேறு விதிமுறைகள் உள்ளன. எனவே, 'அஞ்சல்கள் வருகின்றன. ஆதலால் போவதும் உண்டு' என்னும் அனுமானம் பிழையானது. ஒரு வீட்டுக்குத் தபாற்காரர் நாள்தோறும் வருவதனால், அவ்வீட்டார் தபாற்பெட்டியில் இட்ட கடிதம் எடுக்கப்பட்டுவிட்டதென்று கொள்ளலாமா? வரும் வழி திறந்திருக்கையில் போகும் வழி அடைபட்டிருத்தல் கூடும்.

அனுப்பப்படும் அஞ்சல் நான்கு நிலைகளைக் கடக்கின்றது. அனுப்புநரின் கருவி முதலாவது. அவருக்கு அஞ்சல் வசதியளிக்கும் நிறுவனத்தின் சேவையகம் இரண்டாவது. பெறுநரின் சேவையகத்தைத் தேடிச் செல்லும் வழி மூன்றாவது. பெறுநரின் சேவையகமும் பெட்டியும் நான்காவது. தடை எதுவாயினும் இந்நான்கனுள் ஓரிடத்தில் நிகழ்வதேயாம். நோயின் தன்மையையும் அதன் காரணத்தையும் ஆராய்ந்த பின்னரே தீர்க்கும் வழியை நாடவேண்டும் என வள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்திற் கூறிய முறை இதற்கும் பொருந்தும்.

முதலாம் நிலையில் நிகழும் தடைக்கு அடையாளம், அஞ்சல் 'அவுட்பொக்ஸ்' எனப்படும் வெளிச்செல் பெட்டியிலேயே கிடத்தலாகும். அனுப்பியவை சேரும் பெட்டி வேறு, இது வேறு. மலைப்பாங்கான இடங்களில் சமிக்ஞை விட்டுவிட்டு வருமாதலால், சிறு செய்திகள் செல்லப் பெரிய இணைப்புகளைக் கொண்ட அஞ்சல் மாத்திரம் நின்றுவிடுதல் உண்டு. இணைப்பின் பருமனும் இங்கே கருதத்தக்கது. மாணவி தன் சான்றிதழ்களை ஒவ்வொன்றும் 4 மெகாபைற்று அளவுள்ள 6 படங்களாக எடுத்து இணைக்கின்றாள் எனக் கொள்க. மொத்தம் 24 மெகாபைற்று. எல்லை 25 எனின் இது செல்லவேண்டுமன்றோ? செல்லாது. படங்களை அஞ்சலில் ஏற்றுதற்பொருட்டு எழுத்துக் குறிகளாக மாற்றும்போது அவற்றின் பருமன் மூன்றில் ஒரு பங்கு கூடுகின்றது. 24 என்பது 32 ஆகிவிடுகின்றது. படங்களைச் சுருக்கி ஒரே கோப்பாக்கி அனுப்புதலே தக்க வழியாம். கருவியின் நாளும் நேரமும் பிழையாக இருப்பினும், பாதுகாப்புச் சான்றிதழைச் சரிபார்க்க இயலாமல் இணைப்பு மறுக்கப்படும் என்பதும் அறியத்தக்கது.

தடை தமக்கு மாத்திரமா, ஊர் முழுவதற்குமா என்பதையும் இந்நிலையிலேயே வினவுதல் வேண்டும். 2018ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் தெல்தெனிய, திகன முதலிய இடங்களில் முஸ்லிம் மக்களுக்கு எதிரான வன்செயல்கள் நிகழ்ந்தபோது, முகநூல், வட்ஸ்அப், வைபர் ஆகியவற்றை அரசாங்கம் சில நாட்களுக்குத் தடுத்து வைத்தது. அத்தகைய வேளையில் ஒருவர் தம் கருவியின் அமைப்புகளை எத்துணை மாற்றினும் பயனில்லை. வேறொருவர் கருவியிலும் வேறோர் இணைப்பிலும் முயன்று பார்த்தால், குறை எங்குள்ளது என்பது விரைவில் தெளிவாகும்.

இரண்டாம் நிலை தபாற் கந்தோரின் கருமபீடத்தை ஒத்தது. அனுப்புநர் இன்னார் என்பதை நிறுவினாலன்றி அங்கே அஞ்சல் ஏற்கப்படாது. கடவுச்சொல்லைக் கைத்தொலைபேசியில் மாற்றிவிட்டுப் பாடசாலைக் கணினியில் பழையதையே விட்டுவைத்தால், அக்கணினி அனுப்பும் அஞ்சல் மறுக்கப்படும். 2022ஆம் ஆண்டு மே மாத இறுதியில் கூகிள் நிறுவனம், கணக்கின் கடவுச்சொல்லை மாத்திரம் கொண்டு பிற அஞ்சற் செயலிகள் நுழையும் பழைய முறையைத் தனியார் கணக்குகளுக்கு நிறுத்திற்று. பல்லாண்டுகள் ஒழுங்காக இயங்கிய கணினிகளும் அதன்பின் அஞ்சல் அனுப்ப மறுத்தமைக்கு அதுவே காரணம்.

சேவையகத்தை அடைதற்குரிய வாயில்கள், துறைமுகத்துத் துறைகளைப்போல எண்ணிடப்பட்டுள்ளன. 25 என்னும் துறை ஒரு சேவையகம் மற்றொரு சேவையகத்துக்கு அஞ்சலை ஒப்படைத்தற்கு உரியது. வேண்டா அஞ்சலைத் தடுத்தற்பொருட்டு இணைய நிறுவனங்கள் பல, வீட்டு இணைப்புகளிலிருந்து அத்துறைக்குச் செல்லும் வழியை அடைத்துள்ளன. தனியாள் அஞ்சலை ஒப்படைத்தற்கு உரியவை 587, 465 என்னும் துறைகளாம். முன்னது சாதாரணமாகத் தொடங்கிப் பின்னர் மறைகுறியாக்கத்துக்கு மாறுவது. பின்னது தொடக்கத்திலிருந்தே மறைகுறியாக்கப்பட்டது. ஒன்றன் எண்ணை இட்டு மற்றதன் முறையைத் தெரிந்தால், இணைப்பு நெடுநேரம் காத்திருந்து அறுந்துபோகும். மேலும், கூகிள் இலவசமாக வழங்கும் 15 கிகாபைற்று இடம் அஞ்சலுக்கும் படங்களுக்கும் கோப்புகளுக்கும் பொதுவானது. படங்களால் அவ்விடம் நிறைந்துவிடின், அஞ்சலைப் பெறவும் இயலாது, அனுப்பவும் இயலாது.

மூன்றாம் நிலையை விளக்கத் தெல்தெனியவின் வரலாறே துணை செய்கின்றது. விக்டோரியா நீர்த்தேக்கம் 1980களில் அமைக்கப்பட்டபோது பழைய தெல்தெனிய நகரம் நீரில் மூழ்கியது. மேட்டு நிலத்தில் புதிய நகரம் எழுந்தது. இடம் மாறியும் பெயர் மாறவில்லை. இன்ன பெயருடைய ஊர் இப்பொழுது இன்ன இடத்தில் உள்ளது என்பதைத் தபாற் பகுதி அறிந்திருந்தாலன்றிக் கடிதம் புதிய ஊரைச் சேராது. இணையத்திலும் பெயர் வேறு, இடம் வேறு. 1983ஆம் ஆண்டில் போல் மொக்கபெற்றிஸ் வகுத்த ஆள்களப் பெயர் முறைமை, பெயரைக் கொண்டு இடத்தை அறியும் அட்டவணையாகும். முகவரியில் ஓரெழுத்துப் பிழைத்து இல்லாத ஆள்களப் பெயராகிவிடின், அட்டவணையில் இடம் கிடைக்காது, அஞ்சல் திரும்பிவிடும்.

திரும்பி வருதல் உண்மையில் நன்மையே. அதனினும் கொடியது, பிழையான முகவரி வேறொருவருக்கு உரியதாக இருத்தலாகும். தமிழ்ப் பெயர்களை ஆங்கில எழுத்தில் எழுதுங்கால் தகரத்தையும் ழகரத்தையும் பலர் பலவாறு எழுதுவர். ஒரே பெயர் மூன்று நான்கு வடிவங்களைப் பெறும். அவ்வடிவங்கள் யாவும் தனித்தனி மனிதருடைய முகவரிகளாக இருத்தல் கூடும். அங்ஙனம் சென்ற அஞ்சல் திரும்பாது, குறிப்பும் வாராது. செவிவழிக் கேட்ட முகவரியை நம்பாது, எழுத்திற் பெற்ற முகவரியையே பயன்படுத்துதல் நன்று.

அஞ்சல் சேராதபோது வரும் அறிவித்தலைப் பலர் படியாமலே அழித்துவிடுகின்றனர். 'மெயிலர் டீமன்' என்னும் பெயரில் வரும் அவ்வறிவித்தல், கண்ணுக்குத் தோன்றாது பணிபுரியும் ஏவற் பூதம் ஒன்று கொணர்ந்த மறுமொழி எனலாம். அதிலுள்ள மூன்றிலக்க எண்ணே நோயை உணர்த்தும் நாடி. 2இல் தொடங்கும் எண் வெற்றியையும், 4இல் தொடங்குவது தற்காலிகத் தடையையும், 5இல் தொடங்குவது நிலையான மறுப்பையும் குறிக்கும். 421 எனின் சேவையகம் அவ்வேளையில் ஏற்கும் நிலையில் இல்லை. 535 எனின் கடவுச்சொல் முதலிய அடையாளம் பொருந்தவில்லை. 550 எனின் அத்தகைய பெட்டி இல்லை அல்லது கொள்கை காரணமாக மறுக்கப்பட்டது. 552 எனின் அளவு எல்லையை மீறியது. எண்ணை அடுத்துள்ள வாக்கியம் மேலும் விளக்கம் தரும். ஆயினும், அறிவித்தல் போன்ற வேடத்தில் வந்து கடவுச்சொல்லைக் கேட்கும் வஞ்சக அஞ்சல்களும் உள. உண்மையான அறிவித்தல் கடவுச்சொல்லைக் கேட்பதில்லை.

4இல் தொடங்கும் தடை ஏற்படின், சேவையகம் தானே மீண்டும் மீண்டும் முயலும். இம்முயற்சியை 4 அல்லது 5 நாட்கள் வரையேனும் தொடரவேண்டும் என்பது விதிமுறையின் அறிவுரை. இங்கே ஓர் இடர் மறைந்துள்ளது. விண்ணப்ப முடிவு நாளுக்கு இரண்டு நாள் முன்னர் அனுப்பிய அஞ்சல் இவ்வாறு தடைப்பட்டால், அது சேரவில்லை என்னும் இறுதி அறிவித்தல் முடிவு நாள் கழிந்த பின்னரே வருதல் கூடும். ஆதலால், முக்கியமான அஞ்சலை ஒரு வாரத்துக்கு முன்னரேனும் அனுப்புதல் வெறும் நல்லொழுக்கமன்று. விதிமுறையின் இயல்பே வேண்டுகின்ற முன்னெச்சரிக்கையாகும்.

நான்காம் நிலை பெறுநரின் வாயில். அங்கே காவல் மிகுந்துள்ளது. 2024ஆம் ஆண்டு பெப்ரவரி முதலாக கூகிள், யாகூ ஆகிய நிறுவனங்கள், அனுப்பும் ஆள்களம் தன்னை மெய்ப்பித்தல் வேண்டும் என்னும் நிபந்தனைகளை இறுக்கின. பாடசாலையோ பழைய மாணவர் சங்கமோ சொந்த ஆள்களப் பெயரிலிருந்து அழைப்பிதழ்களை அனுப்புமாயின், தன் சார்பில் அஞ்சல் அனுப்பும் உரிமையுடைய சேவையகங்கள் இவையென அட்டவணையில் பதிந்து வைத்தலும், அஞ்சலுக்கு மின்னொப்பம் இடுதலும் வேண்டும். இன்றேல் அஞ்சல் மறுக்கப்படும், அல்லது ஸ்பாம் எனப்படும் வேண்டா அஞ்சற் பெட்டியில் வீழும். தலைப்பில்லாத அஞ்சலும் ஒரே வேளையில் நூற்றுக்கணக்கானோர்க்கு அனுப்பும் அஞ்சலும் ஐயத்துக்கு உள்ளாதல் எளிது.

இவற்றால் ஆராயும் ஒழுங்கும் புலப்படும். அஞ்சல் வெளிச்செல் பெட்டியில் உள்ளதா, அனுப்பியவற்றுள் உள்ளதா என முதலிற் காண்க. முன்னதாயின் கருவியிலும் இணைப்பிலும் கருமபீடத்திலும் குறையுண்டு. பின்னதாயின் அறிவித்தல் வந்துள்ளதா எனத் தேடி அதன் எண்ணைப் படிக்க. பின்னர், இணைப்பில்லாத ஒரு வரிச் செய்தியைத் தம் முகவரிக்கே அனுப்பிப் பார்க்க. அது சேரின் கருமபீடம் வரை வழி திறந்துள்ளது. அடுத்து அதனை வேறொரு நிறுவனத்து முகவரிக்கு அனுப்புக. ஒரு வேளையில் ஒன்றை மாத்திரம் மாற்றுதல் வேண்டும். பலவற்றை ஒருங்கே மாற்றியவர், குறை நீங்கினும் அதன் காரணத்தை அறியார். மீண்டும் வந்தால் மீண்டும் மயங்குவர்.

அனுப்பியவற்றுள் அஞ்சல் தோன்றுதல், கருமபீடத்தார் அதனைப் பெற்றுக்கொண்டனர் என்பதற்கு மாத்திரமே சான்று. 'கிடைத்தது' என்று பெறுநர் எழுதும் ஒரு வரியே தூது கொணரும் மாலை. விண்ணப்பத்தின் இறுதியில் அவ்வொரு வரியைப் பணிவுடன் வேண்டவும், மூன்று நாளில் வாராவிடின் தொலைபேசியில் வினவவும் மாணவரைப் பழக்குதல் ஆசிரியர் கடமையாகும். தோட்டக் கந்தோரில் தங்கிய கடிதத்துக்காகப் பிறரை நொந்துகொள்வதன்றி அக்காலத்தவர்க்கு வேறு வழி இருந்ததில்லை. இன்றைய மாணவிக்கு அஞ்சல் நின்ற இடத்தை அறியும் வழி உண்டு. அதனை அவளுக்குக் கற்பித்தல், விண்ணப்பம் எழுதக் கற்பித்தலினும் சிறியதோர் உதவியன்று.