மொறிஸ் மைனர் எஞ்சினைக் கழற்றலும் பூட்டலும்

எஞ்சினைக் கழற்றுவது எளிது, பூட்டுவதே கடினம் என்று மோட்டார் கராச்சுகளிற் சொல்வதுண்டு. இக்கூற்று பாதி உண்மையே. பூட்டும்போது தோன்றும் இடர்களிற் பெரும்பாலானவை, கழற்றும்போது கவனியாது விடப்பட்டவற்றின் விளைவுகளாகும். கழற்றுதல் என்பது ஓர் இயந்திரத்தை வாசித்தலுக்கு ஒப்பானது. எந்தப் பாகம் எதனைத் தாங்கி நிற்கிறது, எது எதற்கு முன்னர் பூட்டப்பட்டது என்பதை அது சொல்லித் தருகிறது. இவ்வறிவு கைவழியே கற்கப்படுவதனால் அதனை அறிவெனக் கொள்ளப் படித்த வர்க்கம் தயங்கி வந்துள்ளது. மூளையுழைப்பு, உடலுழைப்பு என்ற பிரிவினை எவ்வளவு செயற்கையானது என்பதைக் காட்ட, வீட்டு முற்றத்தில் ஒரு பழைய காரின் எஞ்சினை இறக்கி ஏற்றும் வேலையை ஈண்டு சற்று விரிவாக நோக்குவோம்.

எடுத்துக்காட்டாக மொறிஸ் மைனரைக் கொள்கிறோம். அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த இவ்வண்டி 1948ஆம் ஆண்டு லண்டன் ஏள்ஸ் கோட் கண்காட்சியில் முதன்முதல் மக்கள் பார்வைக்கு வந்தது. பிரித்தானியக் கார்களுள் பத்து லட்சம் என்ற எண்ணிக்கையை முதலில் எட்டியதும் இதுவே. தொடக்கத்தில் இதற்கு 918 கன சென்றிமீற்றர் கொள்ளளவுடைய பக்கவால்வு எஞ்சின் பொருத்தப்பட்டது. 1952இல் ஒஸ்ரின், நவீல்ட் ஆகிய இரு நிறுவனங்களும் ஒன்றிணைந்ததன் பயனாக ஒஸ்ரினின் 803 கன சென்றிமீற்றர் 'ஏ' வரிசை எஞ்சின் இதற்குக் கிடைத்தது. 1956இல் அது 948 ஆகவும், 1962இல் 1098 ஆகவும் பெருத்தது.

பக்கவால்வு எஞ்சினைப் பற்றி ஒரு வேடிக்கையைக் குறிப்பிடாமற் செல்ல முடியவில்லை. மொறிஸ் நிறுவனத்தின் எஞ்சின் ஆலை முன்னர் பிரெஞ்சு ஹொச்கிஸ் நிறுவனத்துக்குரியதாய் இருந்தது. அங்கிருந்த பொறிகள் பிரெஞ்சு மெற்றிக் புரியையே வெட்டின. ஆங்கிலேயத் தொழிலாளரிடம் இருந்தவையோ விற்வேத் ஸ்பனர்கள். ஆகவே போல்ற்றின் புரி பிரெஞ்சு அளவிலும் தலை ஆங்கில அளவிலும் அமைந்தன. ஸ்பனர் பொருந்துகிறதென்று நம்பி வேறொரு நட்டை முறுக்குபவர் புரியை நாசமாக்கிவிடுவார். 'ஏ' வரிசையில் இச்சிக்கல் இல்லை.

வீட்டில் இவ்வேலையைச் செய்ய முடிவதற்கு வண்டியின் வடிவமைப்பு ஒரு முக்கிய காரணம். கிடையாகப் படுத்த நான்கு உருளைகளைக் கொண்ட எஞ்சினுக்கென்றே இசிகோனிஸ் முதலில் இடம் ஒதுக்கியிருந்தார். அத்திட்டம் கைவிடப்பட்டு ஒடுங்கிய எஞ்சின் வைக்கப்பட்டபோது இருமருங்கும் வெற்றிடம் எஞ்சியது. போதாததற்கு, உற்பத்திக்குச் சற்று முன்னர் மாதிரி வண்டியை நடுவே பிளந்து நான்கு அங்குலம் அகலமாக்கினார்கள். பொனற்றின் நடுவே ஓடும் மேடான பட்டி அதன் தழும்பு. கைவிடப்பட்ட ஒரு திட்டம் விட்டுச்சென்ற அவ்விடைவெளியில்தான் மெக்கானிக்கின் கை இன்றும் நுழைகிறது.

எமது நாட்டில் இக்கார்கள் நீண்டகாலம் உயிர்வாழ்ந்தமைக்கு வேறு காரணங்களும் உள. 1960களின் முற்பகுதியில் அந்நியச் செலாவணி நெருக்கடியினால் கார் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது. 1977இன் திறந்த பொருளாதாரக் கொள்கை வரும்வரை பழையதைத் திருத்துவதன்றி வேறு வழி பலருக்கு இருக்கவில்லை. 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபின் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு எரிபொருளும் வாகன உதிரிப்பாகங்களும் செல்லத் தடை விதிக்கப்பட்டது. அப்போது மொறிஸ் மைனரும் ஒஸ்ரின் ஏ40உம் மண்ணெண்ணெயில் ஓடின. காபரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டு எஞ்சினைக் கிளப்பி, சூடேறிய பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றினர். 803 எஞ்சினின் அமுக்க விகிதம் 7.2:1 மட்டுமே. தரங்குறைந்த எரிபொருளை அது ஓரளவு தாங்கிக்கொண்டது அதனாலேயே. உயர்ந்த அமுக்கமுடைய பிற்கால எஞ்சின் அவ்வாறு தாக்குப்பிடித்திருக்காது. ஆயினும் அதற்கொரு விலை இருந்தது. முற்றாக எரியாத மண்ணெண்ணெய் உருளைச் சுவரிலுள்ள ஒயிலைக் கழுவிக்கொண்டு சம்புக்குள் இறங்கும்; ஒயில் நீர்த்துப்போகும்; பிஸ்ரன் வளையங்களும் பெயாரிங்குகளும் தேயும். (பாடநூல் 'முசலம்' என்பதைப் பட்டறை 'பிஸ்ரன்' என்கிறது, இக்கட்டுரையில் நாம் பட்டறையின் பக்கம் நிற்கிறோம்.) அத்தேய்வைச் சீராக்க வேண்டுமாயின் எஞ்சினை வெளியே எடுத்தாக வேண்டும்.

முதலிற் கழற்றப்படுவது பற்றறி இணைப்பு. இன்றைய கார்களிற் பழகியவர் எதிர்முனையை முதலிற் கழற்றுவார். மொறிஸ் மைனரின் மூல அமைப்பில் வண்டியின் உடலோடு இணைந்திருப்பது நேர்முனையாகும். ஆதலின் அதனையே முதலிற் கழற்ற வேண்டும். மாறிக் கழற்றும்போது ஸ்பனர் உடலில் முட்டினால் தீப்பொறி பறக்கும். பக்கத்தில் பெற்றோல் குழாயும் உள்ளது. பின்னர் பொனற்றின் கீல்கள் இருந்த இடத்தைக் கோடிட்டுக் குறித்து, இருவராக அதனைத் தூக்கி வைத்தல் நன்று. நீரையும் ஒயிலையும் வடித்து, றேடியேற்றரைக் கழற்றினால் முன்பக்கம் திறக்கும். அதன்பின் காபரேற்றரின் கம்பிகள், பெற்றோல் குழாய், டைனமோ, ஸ்ராட்டர், டிஸ்ரிபியூட்டர் ஆகியவற்றுக்குரிய வயர்கள், புகைக் குழாயின் கிளிப்பு ஆகியன ஒன்றன்பின் ஒன்றாக விடுபடும். இவற்றுள் கடினமானது எதுவுமில்லை. ஆனால் ஒவ்வொரு வயரிலும் துணித்துண்டு கட்டி அடையாளமிடுவதும், கழற்றிய நட்டை அதனதன் போல்ற்றிலேயே திரும்ப மாட்டி வைப்பதும் பின்னர் பல மணி நேரத்தை மீதப்படுத்தும்.

இனி ஒரு தீர்மானம் எடுக்க வேண்டும். எஞ்சினைத் தனியே எடுப்பதா, கியர்பொக்சுடன் சேர்த்து எடுப்பதா? சேர்த்து எடுப்பதாயின் காருக்குள்ளே தரையிலுள்ள மூடியைக் கழற்றி, பின்சில்லுக்குச் செல்லும் தண்டையும் கிளச் இணைப்புகளையும் கியர்பொக்சைத் தாங்கும் குறுக்குச் சட்டத்தையும் விடுவிக்க வேண்டும். வேலை கூடுதல், ஆயினும் திரும்பப் பூட்டுவது இலகு. தனியே எடுப்பது விரைவானது. அதற்குரிய விலை பூட்டும்போது செலுத்தப்படும். வீட்டில் தூக்கும் வசதி குறைந்தவர்கள் பெரும்பாலும் பின்னையதையே நாடுவர். நாமும் அதனையே தொடர்வோம்.

எஞ்சின் நூறு கிலோவுக்கு மேற்பட்ட நிறையுடையது. மாமரக் கொப்பில் செயின் புளொக்கைத் தொங்கவிடும் வழக்கத்தை நாம் அறிவோம். கொப்பு முறிவதற்கு முன் அறிவித்தல் தருவதில்லை. உறுதியான மூன்று கால்களைக் கட்டிய முக்காலி அதனினும் மேலானது. முக்காலியின் கால்கள் விலகாதவாறு அடியிற் சங்கிலியாற் பிணைக்க வேண்டும். தொங்கும் எஞ்சினின் கீழே கையையோ காலையோ ஒருவரும் வைத்தலாகாது. இது பற்றி விவாதத்துக்கு இடமில்லை.

கியர்பொக்சின் முன்முனைக்குக் கீழே ஜக்கும் மரக்கட்டையும் வைத்துத் தாங்கிய பின்னரே எஞ்சினையும் அதனையும் பிணைக்கும் போல்ற்களைக் கழற்றலாம். செயின் இறுகி எஞ்சினின் பாரத்தை ஏற்றுக்கொண்டதும் முன் தாங்கிகளை விடுவிக்கலாம். கியர்பொக்சிலிருந்து வரும் பல்வெட்டுத் தண்டு கிளச் பிளேற்றினூடாகச் சென்று, கிராங் தண்டின் முனையிலுள்ள சிறு புதருக்குள் முடிகிறது. எஞ்சின் முழுவதும் விலகும்வரை அதன் பாரம் ஒரு கணமேனும் இத்தண்டின்மேல் விழக்கூடாது. விழுந்தால் தண்டு வளையும், அல்லது கிளச் பிளேற்றின் நடுப்பகுதி நெளியும். தொங்கும் புள்ளி அசையாததாதலால் எஞ்சினை முன்னே இழுக்க இயலாது. ஜக் உடன் உருளுமாறு ஒழுங்கு செய்து, வண்டியைத்தான் அங்குலம் அங்குலமாகப் பின்னே தள்ள வேண்டும். ஒருவர் தள்ள, ஒருவர் செயினைப் பார்க்க, இன்னொருவர் இடைவெளி சுற்றிலும் ஒரேயளவாய் விரிகிறதா என்று நோக்குவார். அம்மூவருள் முடிவெடுப்பவர் அந்த மூன்றாமவரே. தண்டு விடுபட்டதும் எஞ்சினை உயர்த்தி, வண்டியை முற்றாகப் பின்னகர்த்தி விடலாம்.

வெளியே வந்த எஞ்சினுக்குச் செய்யப்படும் வேலைகள் தனிக் கட்டுரைக்குரியவை. ஒன்றை மட்டும் கூறுவோம். எஞ்சின் வெளியே இருக்கும்போது கிளச் பிளேற்றையும், அதனை அழுத்தும் கரி வளையத்தையும் பாராது விடுவது வீண் சிக்கனம்.

பூட்டுதலின் மையப் பிரச்சினை கிளச் பிளேற்றை நடுவில் நிறுத்துவதாகும். அழுத்தத் தட்டின் போல்ற்களை இறுக்கியதும் பிளேற் அவ்விடத்திலேயே பிடிபட்டுவிடும். நடுவிலிருந்து சிறிது விலகினாலும் தண்டு நுழையாது. ஆகவே பழைய கியர்பொக்சொன்றின் தண்டையோ, அதே பருமனிற் கடைந்த மரத்தடியையோ நடுவே செருகிவைத்துக்கொண்டு போல்ற்களை எதிரெதிராகச் சிறிது சிறிதாய் இறுக்குவர். பின்னர் எஞ்சினைத் தொங்கவிட்டு வண்டியை முன்னே தள்ளுகையில், கடைசி ஓரங்குலத்தில் எல்லாம் நின்றுவிடும். தண்டின் பற்களும் பிளேற்றின் பற்களும் நேர்படவில்லை என்பதே அதன் பொருள். கியரில் இட்டு, எஞ்சினின் முன்கப்பியைக் கையாற் சிறிது திருப்பினால் அது தானாகவே உட்சென்று அமரும். போல்ற்களை இறுக்கி இழுத்து இடைவெளியை மூட முயல்வது பெருந்தவறு. வார்ப்பிரும்போ அலுமினியமோ வெடிக்கும். பொறுமையற்ற பலம் இவ்விடத்தில் எதற்கும் உதவாது.

எஞ்சியவை கழற்றிய வரிசையின் மறுதலையே. ஹெட்டைத் திறந்திருந்தால் அதன் நட்டுகளை நடுவிலிருந்து வெளிநோக்கி, படிப்படியாக 40 இறாத்தல்-அடி முறுக்குவிசைக்கு இறுக்க வேண்டும். வால்வு இடைவெளி 0.012 அங்குலம், பிளக் இடைவெளி 0.025 அங்குலம், எரியூட்டும் ஒழுங்கு 1-3-4-2. பற்றறியை மாட்டும்போது நேர்முனையே உடலோடு சேர்வது என்பதை மீண்டும் நினைவுகூர வேண்டும்.

எல்லாம் பூட்டி முடிந்தவுடனே எஞ்சினைக் கிளப்ப ஆவல் எழும். பிளக்குகளை மாட்டாது வைத்து, ஒயில் விளக்கு அணையும்வரை ஸ்ராட்டரைக் குறுகிய நேரங்களாகச் சுழற்ற வேண்டும். காய்ந்த பெயாரிங்கோடு எஞ்சின் வேகம் பிடித்தால் செய்த வேலை முழுவதும் சில நிமிடங்களிற் பாழாகலாம். விளக்கு அணைந்த பின் பிளக்குகளை மாட்டிக் கிளப்பி, மிதமான வேகத்தில் சூடேற விட்டு, நீரும் ஒயிலும் எங்கேனும் கசிகின்றனவா என்று வெளிச்சம் பிடித்துப் பார்க்கலாம். சில நூறு மைல்கள் ஓடியபின், எஞ்சின் முற்றாகக் குளிர்ந்த ஒரு காலையில், ஹெட் நட்டுகளையும் வால்வு இடைவெளியையும் மறுபடி சரிபார்த்தல் வேண்டும்.