மூச்சை எண்ணிப் பாருங்கள்

மாரி காலத்தில் வீட்டில் ஒருவர் இருமத் தொடங்கினால் கொத்தமல்லியும் வேர்க்கொம்பும் அடுப்பில் ஏறிவிடுகின்றன. அதில் தவறில்லை. தடிமனும் இருமலும் பெரும்பாலும் தாமாகவே மாறுபவை. நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளால் அவற்றிற்குப் பயனில்லை. ஆயின் அதே இருமலும் காய்ச்சலும் சிலவேளை நியூமோனியாவின் தொடக்கமாகவும் இருக்கும். இரண்டையும் பிரித்தறிவது எங்ஙனம்?

நியூமோனியாவில் நுரையீரலின் நுண்ணிய காற்றறைகள் நீராலும் சீழாலும் நிரம்புகின்றன. இரத்தம் போதிய பிராணவாயுவைப் பெறாமையால், அக்குறையை ஈடுசெய்ய உடல் விரைந்து மூச்சு விடுகிறது. ஆதலால் இங்கே வெப்பமானியினும் மேலான கருவி செக்கன் முள்ளுள்ள ஒரு மணிக்கூடு.

குழந்தை அழாமல் இருக்கும்போது சட்டையை உயர்த்தி, ஒரு நிமிடம் முழுவதும் மூச்சை எண்ணுக. இரண்டு மாதத்திற்கு உட்பட்ட சிசுவுக்கு 60, ஒரு வயது நிரம்பும்வரை 50, ஐந்து வயது நிரம்பும்வரை 40 என்பது உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை. எண்ணிக்கை அதனை எட்டினால் அன்றே வைத்தியரிடம் செல்லவேண்டும். மூச்சை இழுக்கும்போது நெஞ்சின் கீழ்ப்பகுதி உட்குழிந்தாலும், குழந்தை பால் குடியாது சோர்ந்து கிடந்தாலும் ஆஸ்பத்திரிதான். 1990 என்ற இலக்கத்தை அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

முதியோர் நிலை வேறு. அவர்களுக்குக் காய்ச்சல் இல்லாமலேயே நியூமோனியா வரலாம். நேற்றுவரை தெளிவாகப் பேசிய ஆச்சி இன்று ஆளை மாறிச் சொன்னால், "அறளை பெயர்ந்துவிட்டது" என்று நாம் இருந்துவிடுகிறோம். ஒரே நாளில் அறளை பெயர்வதில்லை! வளர்ந்தோரிடம் வைத்தியர் நான்கு விடயங்களைப் பார்ப்பார்: புதிதாக வந்த மனக்குழப்பம், நிமிடத்திற்கு 30 அல்லது அதற்கு மேற்பட்ட மூச்சு, குறைந்த இரத்த அழுத்தம், 65 வயதை எட்டியமை. ஒன்றும் இல்லையெனில் பெரும்பாலும் வீட்டிலேயே மருந்துண்டு குணமடையலாம். ஒன்றிரண்டு இருப்பின் ஆஸ்பத்திரியைப் பற்றி யோசிக்கவேண்டும். மூன்று இருப்பின் தாமதம் ஆகாது.

எக்ஸ்ரே இல்லாத கிராமத்து டிஸ்பென்சரியில் வைத்தியர் நோயாளியின் முதுகில் விரலை வைத்துத் தட்டுவதைக் கண்டிருப்பீர்கள். இம்முறையை 1761இல் நூலாக வெளியிட்டவர் ஆஸ்திரிய வைத்தியர் அவுன்புருக்கர். விடுதிக்காரர் ஒருவரின் மகனாகிய அவர், பீப்பாயைத் தட்டி உள்ளிருக்கும் மதுவின் மட்டத்தை அறியும் வழக்கத்திலிருந்தே இதனைக் கற்றார் என்பர். நாம் பலாப்பழத்தைத் தட்டிப் பார்ப்பதும் இவ்வகைதான். காற்றுள்ள நுரையீரல் முழங்கும். நீர் நிறைந்தது மந்தமாக ஒலிக்கும்.

வீட்டில் சிகிச்சை பெறுவோருக்கு அமொக்சிசிலின் பெரும்பாலும் முதல் மருந்தாகும். பென்சிலின் ஒவ்வாதவர் அதனை முன்கூட்டியே சொல்லவேண்டும். பலருக்கு ஐந்து நாள் போதும். அலுமாரியில் எஞ்சிக் கிடக்கும் பழைய குளிசைகளை எடுத்துக் கொடுப்பது நம்மவரிடையே உள்ள பெருந்தீங்கு. மருந்து தொடங்கி மூன்று நாளாகியும் தேறாவிடில், அதற்கு முன்னரே நிலை மோசமானால், மீண்டும் வைத்தியரைக் காணவேண்டும்.

காய்ச்சல் ஒரு வாரத்தில் தணியும். இருமல் அடங்க ஆறு வாரம்வரை செல்லலாம். களைப்பு மூன்று மாதமும் நிற்கலாம். பிள்ளையை உடனே விளையாட்டுப் போட்டிக்கு அனுப்ப விரும்பும் பெற்றோர் இதனைக் கருதுக. ஆறு வாரத்தின் பின்னும் இருமல் மாறாதவர்களுக்கும், புகைபிடிப்போருக்கும், 50 வயதைக் கடந்தோருக்கும் மார்பு எக்ஸ்ரே எடுக்கும்படி வைத்தியர் கூறக்கூடும். கசநோயோ புற்றுநோயோ நியூமோனியாவின் பின்னே மறைந்திருப்பதுண்டு.